பத்து சென்டிமீட்டர் தண்ணீருக்கு எத்தனை குதிரைகள்?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கு வாடைக்காற்று வரமாகவும் வரும், வம்பாகவும் வரும். இரண்டும் ஒரே நாளில். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும்போதுதான் ஊசிவால் வாத்தும் கிளுவையும் கருவால் வாத்தும் கூட்டம் கூட்டமாக மெக்சிகோ வளைகுடாக் கரையின் சதுப்புகளில் வந்து இறங்குகின்றன. அதே காற்று சதுப்பில் நிற்கும் தண்ணீரை வளைகுடாவுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அந்தக் கரையில் ஓதம் ஏறி இறங்குவதே ஓர் அடி அளவுக்குத்தான். நிலவு செய்வதைவிடக் காற்று செய்வது அங்கே அதிகம். முந்தின நாள் மாலை முழங்கால் அளவு நீர் நின்ற இடத்தில், மறுநாள் விடியலில் கணுக்கால் நனைந்தால் அதிர்ஷ்டம். பறவை வந்தாயிற்று, படகும் தயார், தண்ணீரைத்தான் காணோம்.

இந்தச் சிக்கலுக்கு வேட்டைக்காரர்கள் இருநூறு ஆண்டுகளாகப் பல விடைகள் கண்டிருக்கிறார்கள். கடைசி ஐம்பது ஆண்டுகளில் ஒரே ஒரு விடை மற்ற எல்லாவற்றையும் ஓரம்கட்டிவிட்டது: இன்னும் பெரிய எஞ்சின். அந்த விடை தவறானது. அதைக் கட்டுப்படுத்தச் சில அமெரிக்க அரசு அமைப்புகள் எடுத்திருக்கும் நடவடிக்கைகள் சரியானவை மட்டுமல்ல, போதாதவையும்கூட.

வாத்து வேட்டையைப் பற்றித் தமிழ் வாசகர் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. இந்தியாவில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதில் 1991-ல் வந்த திருத்தமும் வேட்டை என்ற பொழுதுபோக்குக்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அது நல்லதுதான். ஆனால் ஆழமில்லாத தண்ணீரில் படகை நகர்த்தும் கலை வேட்டையோடு முடிந்துவிடுவதில்லை. 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களில் படகு ஓடியபோது அது எவ்வளவு பெரிய கலை என்று பலருக்கும் தெரிந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கணக்கு. வேட்டைப் படகு ஏன் தட்டையாக இருக்கிறது என்பதற்கு ஆர்க்கிமிடீஸே விளக்கம் சொல்லிவிட்டார். படகு தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கினால்தான் மிதக்கும். பதினான்கு அடி நீளமும் மூன்றேகால் அடிக்குச் சற்றுக் கூடுதலான அடிப்பக்க அகலமும் உள்ள அலுமினியப் படகு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் அடிப்பரப்பு ஏறத்தாழ 4.3 சதுர மீட்டர். படகு, எஞ்சின், இரண்டு ஆள், ஒரு நாய், துப்பாக்கிகள், நீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகள், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து 450 கிலோ வந்தால், அது சுமார் பத்து சென்டிமீட்டர் அமிழும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு 43 கிலோவும் இன்னொரு சென்டிமீட்டரைக் கேட்கும். பன்னிரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் மட்டுமே உள்ள இடத்தில், கூட வந்த நண்பர் ஒருவரே அந்த மிச்சம் முழுவதையும் தின்றுவிடுவார்.

இதுவும் படகு சமமாக நின்றால்தான். வேட்டைப் படகுகள் சமமாக நிற்பதே இல்லை. எஞ்சின் பின்னால், அதை ஓட்டுகிறவர் பின்னால், பெட்ரோல் தொட்டியும் பின்னால். முன்முனையான அணியம் காற்றில் தூக்கிக்கொண்டு நிற்க, பின்புறம் மட்டும் சேற்றில் உட்கார்ந்துவிடும். பத்து சென்டிமீட்டரில் மிதந்திருக்க வேண்டிய படகு பதினைந்திலும் தரைதட்டும்.

படகு நகரத் தொடங்கும் கணத்தில் இன்னொரு விசித்திரம் சேர்ந்துகொள்கிறது. ஆழமில்லாத நீரில் அலை தன் விருப்பப்படி ஓட முடியாது. அதன் உச்ச வேகத்தை ஆழமே முடிவு செய்கிறது. முப்பது சென்டிமீட்டர் நீரில் அது மணிக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பதினைந்து சென்டிமீட்டரில் 4.4 கிலோமீட்டர்தான், மனிதர் நடக்கிற வேகத்தைவிடக் குறைவு. படகு அந்த வேகத்தை நெருங்கும்போது தானே எழுப்பிய அலையை முந்த முடியாமல் அதன் முதுகில் ஏறத் தவிக்கும். அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் நடுவே நீர் விரைந்து ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைந்து, பின்புறம் இன்னும் கீழே இழுக்கப்படும். எஞ்சினை முறுக்க முறுக்கப் படகு முன்னே போகாமல் கீழே போகிறது என்று வேட்டைக்காரர்கள் புலம்புவது கற்பனை இல்லை, இயற்பியல். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் இழுவை குறைந்துவிடும். தட்டைப் படகு நீரின் மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு போகும். ஓடிக்கொண்டிருக்கும் படகு பத்து சென்டிமீட்டர் நீரையும் கடந்துவிடும். நின்ற படகை அதே பத்து சென்டிமீட்டரில் கிளப்புவதுதான் பாடு. சிக்கல் முழுவதும் முதல் சில மீட்டர்களில் இருக்கிறது.

சேறும் சும்மா இருப்பதில்லை. நடவு வயலில் புதைந்த காலை நேராக மேலே இழுத்தால் வராது. பக்கவாட்டில் அசைத்துக் காற்றோ நீரோ உள்ளே நுழைய வழிவிட்டால் வந்துவிடும். படகின் தட்டை அடிப்பக்கத்துக்கும் அதே விதிதான். அனுபவசாலிகள் எஞ்சினைத் தொடுவதற்கு முன் படகை இடவலமாக ஆட்டுவார்கள். அடியில் நீர் புகுந்து சேற்றின் பிடி விடும். பிறகு பின்னால் இருப்பவர்களில் ஒருவர் எழுந்து அணியத்துக்குப் போவார். எண்பது கிலோ ஆள் பின்னாலிருந்து முன்னால் நகர்வது, எஞ்சினுக்குப் பத்துக் குதிரைத்திறன் கூட்டுவதைவிடப் பயன் தரும். அடுத்து, கழியை ஊன்றிப் படகின் முகத்தை ஆழமான பக்கம் திருப்புவார்கள். தேவையென்றால் பொம்மை வாத்து மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்துக்கொள்வார்கள். அதன் பிறகுதான் எஞ்சினின் முறை.

புதிதாக வருகிறவர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார். எஞ்சின், மேலும் எஞ்சின், புகை, சேற்று மழை. கடைசியில் இறங்கித் தள்ளுவது. அந்த இறங்குதலும் ஆபத்தானது. தெற்கு லூசியானாவில் மிதக்கும் சதுப்பு என்று ஒன்று உண்டு. புல்லும் வேரும் பின்னிய மெத்தை தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். தரை போலத் தோன்றும் அதில் கால் வைத்தால் இடுப்புவரை உள்ளே போய்விடும். ஜனவரிக் குளிரில், இருட்டில், இடுப்புவரை நீர் புகுந்த ரப்பர் உடையோடு மாட்டிக்கொள்வது விளையாட்டல்ல. படகின் விளிம்பை ஒரு கையால் விடாமல் பிடித்தபடிதான் இறங்க வேண்டும் என்பது அங்கே முதல் பாடம்.

இந்தப் பாடங்களெல்லாம் எஞ்சின் வருவதற்கு முந்தைய காலத்தின் சொத்து. லூசியானாவின் பூர்வகுடிகள் சைப்ரஸ் மரத்தைத் தீயால் எரித்துச் சுரண்டிக் குடைந்து செய்த ஒற்றை மர ஓடத்தை, பிரெஞ்சு குடியேறிகளும் பின்னால் கனடாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த அகேடியர்களும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பிரோக் என்று அதற்குப் பெயர். பனித்துளி கனமாக விழுந்திருந்தால் அதன் மேலேயே மிதந்து போய்விடும் என்பது அந்த ஊர்க் கேலி. கேலியில் பாதி உண்மை. ஒரு ஆள், ஒரு துப்பாக்கி, சில பொருட்கள் என்று மொத்தம் 130 கிலோ வந்தால் பிரோக் அமிழ்வது ஆறேழு சென்டிமீட்டர்தான். அதைச் செலுத்த நீண்ட கழி ஒன்று போதும். கழியின் அடிமுனை கவை போலவோ வாத்தின் அலகு போலவோ விரிந்திருக்கும். சேற்றில் ஊன்றினால் அகலமாகப் பிடிக்கும், புதையாது. விரிந்த பாகம் இழுக்கும்போது மடங்கிக்கொள்ளும்படி செய்த கழிகளும் உண்டு.

நியூஜெர்சியின் பார்னகட் விரிகுடாவிலும் இதே தேவை வேறொரு படகைப் பெற்றெடுத்தது. 1836-ல் ஹேசல்டன் சீமன் என்ற படகுக் கட்டுநர் பன்னிரண்டடி நீளத்தில் கரண்டி வடிவில் ஒரு வேட்டைப் படகு செய்தார். நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும், தளம் மூடியிருக்கும், ஒரே ஆள் இழுத்துச் செல்லலாம், பனிக்கட்டி மேல் சறுக்கவும் செய்யலாம். நத்தானியேல் பிஷப் என்பவர் இப்படிப்பட்ட ஒரு படகில் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒஹையோ, மிசிசிப்பி ஆறுகள் வழியாக மெக்சிகோ வளைகுடாவரை போய், அந்தப் பயணத்தை 1879-ல் புத்தகமாகவும் எழுதினார். எஞ்சின் என்ற பேச்சே இல்லை.

பிறகு எஞ்சின் வந்தது. 1909-ல் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த அவுட்போர்டு எஞ்சின், ஏரிகளையும் ஆறுகளையும் மாற்றிப் போட்டது; சதுப்பை மட்டும் அதனால் மாற்ற முடியவில்லை. காரணம் எளிது. அதன் விசிறி படகின் அடிப்பக்கத்தைவிடக் கீழே தொங்கும். எஞ்சினைக் குளிர்விக்க அது தண்ணீரை உறிஞ்ச வேண்டும்; சதுப்பில் அது உறிஞ்சுவது சேற்றுக் குழம்பை. மிச்சத்தைப் பாசி பார்த்துக்கொள்ளும். விசிறியில் சுற்றிய பாசியை வெட்டி எடுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருக்கும்.

லூசியானாக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய கார் எஞ்சின்களைத் தட்டையான மரப் படகின் வயிற்றில் பொருத்தி, வாய்க்கால்களில் சேற்றைக் கலக்கிக்கொண்டு ஓட்டினார்கள். அதற்கெல்லாம் முன்பே, 1905-ல், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் குழு விமான விசிறிகளைச் சோதிக்கக் காற்றால் தள்ளப்படும் ஒரு படகைச் செய்து, அதற்கு அசிங்கமான வாத்துக்குஞ்சு என்று பெயரும் வைத்திருந்தது. 1943-ல் யூட்டா மாநிலத்தின் பேர் ரிவர் பறவைகள் சரணாலயத்தில் அதே யோசனை வேறு காரணத்துக்காக மீண்டும் எழுந்தது. ஆழமில்லாத சதுப்பில் சுற்றிவர வழியில்லாத ஊழியர்கள், ஒரு சிறு விமான எஞ்சினைத் தட்டையான அலுமினியப் படகின் மேல் பூட்டினார்கள். காற்றுப் படகின் வரலாற்றில் இது ஒரு முரண். இன்று பறவைகளை விரட்டுகிறது என்று பல இடங்களில் தடை செய்யப்படும் அதே இயந்திரம், பறவைகளைக் காக்கவென்று கட்டப்பட்டவற்றில் ஒன்று.

சதுப்பின் தலையெழுத்தை மாற்றியது 1977. லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் வாரன் கோகோ என்பவர் கோ-டெவில் என்ற பெயரில் சேற்று எஞ்சின்களைச் செய்து விற்கத் தொடங்கினார். தாய்லாந்தின் நீள்வால் படகுகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு உடனே புரியும். தமிழகக் கடற்கரையில் ஃபைபர் வள்ளங்களின் பின்னால் நீண்ட தண்டோடு தூக்கிக்கொண்டு நிற்கும் டீசல் எஞ்சின்களை அறிந்தவர்களுக்கும் புரியும். காற்றால் குளிரும் எஞ்சின் படகின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து நீண்ட தண்டு ஏறக்குறைய படுத்த நிலையில் பின்னால் போகும். நுனியில் விசிறி, நீர்மட்டத்தை ஒட்டி. தண்ணீர் உறிஞ்ச வேண்டியதில்லை என்பதால் சேறு எஞ்சினுக்குள் போகாது. கட்டை இடித்தால் தண்டு மேலே எழும்பித் தாண்டிவிடும். பாசியை விசிறி வெட்டித் தள்ளும். அருமையான கண்டுபிடிப்பு, அதில் சந்தேகமே வேண்டாம். பின்னோக்கி ஓட்ட முடியாது, திருப்பக் கை வலிக்கும், அவ்வளவுதான் குறை.

அந்தக் குறைகளைத் தீர்க்க வந்த அடுத்த தலைமுறை எஞ்சின்களில்தான் பந்தயம் ஆரம்பித்தது. தண்டு குட்டையானது, பெல்ட் மூலம் விசை கடத்தப்பட்டது, பின்னோக்கி ஓட்டும் வசதி வந்தது. 35, 40 குதிரைத்திறன் என்று எண்கள் ஏறின. எஞ்சின் கனத்ததும் அதைத் தாங்கப் படகு அகலமானது. படகு அகலமானதும் கூடுதல் ஆளும் கூடுதல் மூட்டையும் ஏறின. எடை கூடியதும் இன்னும் பெரிய எஞ்சின் தேவைப்பட்டது. ஏழு சென்டிமீட்டரில் மிதந்த பிரோக்கிலிருந்து தொடங்கியவர்கள், பல ஆயிரம் டாலர் செலவழித்து, பதினைந்து சென்டிமீட்டர் கேட்கும் படகில் வந்து நிற்கிறார்கள். பிறகு நீர் போதவில்லை என்று சேற்றை உழுகிறார்கள். இதை முன்னேற்றம் என்று அழைப்பது கொஞ்சம் கஷ்டம்.

பந்தயத்துக்கு இன்னொரு தூண்டுகோல் கடிகாரம். அமெரிக்கச் சட்டப்படி சூரியன் உதிப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து சுடலாம். பொதுச் சதுப்பில் யார் முதலில் போகிறாரோ அவருக்கே நல்ல இடம். ஆகவே அதிகாலை நான்கு மணி இருட்டில் எஞ்சின்கள் உறுமிக்கொண்டு முந்துகின்றன. இரவெல்லாம் ஓய்ந்திருந்த பறவைகள் வேட்டை தொடங்குவதற்கு முன்பே கலைந்து பறந்துவிடுகின்றன. குளிர்காலத்தில் பறவை சேர்த்துவைத்திருக்கும் கொழுப்புதான் வசந்தத்தில் வடக்கே திரும்பிப் போவதற்கான எரிபொருள். ஒவ்வொரு தேவையற்ற பறத்தலும் அதிலிருந்து கழிகிறது. வேட்டைக்காரரின் நோக்கிலேயே பார்த்தாலும், தான் சுட வந்ததைத் தானே விரட்டிவிட்டு உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனமல்ல. எஞ்சின் படகிலிருந்து வலசைப் பறவையைச் சுடுவதென்றால், எஞ்சினை நிறுத்திப் படகின் ஓட்டமும் அடங்கிய பிறகே சுட வேண்டும் என்று கூட்டாட்சி விதி ஏற்கெனவே சொல்கிறது. எஞ்சினை வைத்துப் பறவையைத் துரத்திக் கிளப்பவும் கூடாது. விதி சுடும் கணத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தை அது தொடுவதில்லை.

சதுப்பின் நிலமோ இன்னும் மோசமான பாடு படுகிறது. 1932-க்கும் 2016-க்கும் இடையில் லூசியானா தன் கடலோர நிலத்தில் நிகரமாக 4,833 சதுர கிலோமீட்டரை இழந்தது என்று அமெரிக்க நிலவியல் ஆய்வகம் கணக்கிட்டிருக்கிறது. 1932-ல் இருந்த பரப்பில் அது கால் பங்கு. இதற்கு வாத்து வேட்டைக்காரர்களைக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். மிசிசிப்பியை இருபுறமும் கரை கட்டி அடைத்து, வண்டல் சதுப்புக்கு வராமல் செய்தது முதன்மைக் குற்றம்; 1927-ன் பெருவெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கரைகள் இன்னும் உயர்ந்தன. எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் வெட்டிய கால்வாய்கள் உப்புநீரை உள்ளே கொண்டுவந்தன. தென்னமெரிக்காவிலிருந்து 1930-களில் ரோமத்துக்காகக் கொண்டுவரப்பட்ட நூட்ரியா என்ற பெரிய கொறிவிலங்கு தப்பிப் பெருகி, புல்லை வேரோடு தின்றது. நிலமும் தன் பாட்டில் அமிழ்கிறது.

ஆனாலும் சிறு படகுகளின் பங்கு சூனியமல்ல. பழங்காலத்தில் ரோமவிலங்குப் பொறி வைப்பவர்கள், தங்கள் பிரோக் நுழையும் அளவுக்கு மட்டும் புல்லை வெட்டிக் கையால் சிறு வாய்க்கால்கள் தோண்டினார்கள். அகலம் ஒரு ஓடம் போகும் அளவு. பின்னால் எஞ்சின் படகுகள் அந்த வாய்க்கால்களில் ஓடின. கரைகள் இடிந்து அகலமாயின, நீரோட்டம் அவற்றை வழியாக்கிக்கொண்டது, உப்புநீரும் அதே வழியில் ஏறியது. கழியால் தள்ளிப் போனவரை அந்த வாய்க்கால் வாய்க்காலாகவே இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. இன்றைய சேற்று எஞ்சின் நேராகப் புல்வெளியின் குறுக்கே தன் வாய்க்காலைத் தானே வெட்டிக்கொள்ளும் வல்லமை படைத்தது. அந்த வல்லமையைத்தான் விளம்பரங்கள் பெருமையாகக் காட்டுகின்றன.

புளோரிடா இதே கதையைக் கடற்புல்லில் பார்த்தது. எஞ்சின் விசிறிகள் உழுத தழும்புகள் அந்த மாநிலத்தில் குறைந்தது 1,73,000 ஏக்கர் கடற்புல்லில் இருப்பதாக 1995-ல் ஒரு அரசு ஆய்வு பதிவு செய்தது. ஆமைப்புல் எனப்படும் வகையில் ஒரு தழும்பு ஆறப் பல ஆண்டுகள் பிடிக்கும். எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா 2011-ல் துணிந்து ஒரு காரியம் செய்தது. ஸ்னேக் பைட் என்ற ஆழமற்ற விரிகுடாப் பகுதியில் சுமார் 9,400 ஏக்கரை, கழியாலோ சிறு மின்மோட்டாராலோ மட்டுமே படகு செலுத்தக்கூடிய இடமாக அறிவித்தது. உள்ளே போய்வரக் குறிப்பிட்ட பாதைகள் விடப்பட்டன. மீன்பிடி வழிகாட்டிகளில் பலருக்குக் கழி புதிதல்ல. படகின் பின்புறம் எஞ்சினுக்கு மேலே ஒரு மேடை அமைத்து, அதில் நின்று நீண்ட கழியால் தள்ளிக்கொண்டே நீருக்குள் மீனைப் பார்ப்பது அவர்கள் தொழிலின் அங்கம். யாரையும் வெளியே தள்ளவில்லை, எஞ்சினை மட்டும் அணைக்கச் சொன்னார்கள். சதுப்புகளுக்கு வேண்டியது இந்த மாதிரியான ஏற்பாடுதான்.

லூசியானாவும் கொஞ்சம் செய்திருக்கிறது. மாநில அரசின் கடலோர வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகள் சிலவற்றில், காற்றால் குளிரும் எஞ்சின்களுக்கு 36 குதிரைத்திறன் என்ற உச்சவரம்பு இருக்கிறது. வரையறுத்த சில பகுதிகளுக்குள் வேட்டைப் பருவத்தில் எஞ்சினையே இயக்கக் கூடாது. கழி, துடுப்பு, இல்லையென்றால் நடை. எதிர்ப்பு இல்லாமல் இல்லை. வயதானவர்கள் என்ன செய்வார்கள், கால் முடியாதவர்கள் எப்படிப் போவார்கள் என்ற கேள்விக்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும். அவர்களுக்குத் தனி அனுமதி, தனிப் பாதை, மின்மோட்டார் என்று வழிகள் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியை உரக்கக் கேட்பவர்களில் பெரும்பாலோர் 40 குதிரைத்திறனை வாங்கியிருக்கும் திடகாத்திரமானவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேட்டைக்காரர்களின் இன்னொரு வாதம் வலுவானது: இந்தச் சதுப்புகள் மிஞ்சியிருப்பதற்கே நாங்கள் கட்டிய பணம்தான் காரணம். உண்மைதான். 1934-ல் ஒரு டாலருக்கு அறிமுகமாகி இன்று 25 டாலருக்கு விற்கும் வாத்து முத்திரையை வாங்காமல் அங்கே பெரியவர் எவரும் நீர்ப்பறவையைச் சுட முடியாது. அந்தப் பணத்தால் இதுவரை சுமார் 60 லட்சம் ஏக்கர் ஈரநிலம் காக்கப்பட்டிருக்கிறது. எந்த நாட்டின் சூழலியல் இயக்கமும் பொறாமைப்படக்கூடிய சாதனை அது. ஆனால் காசு கொடுத்துக் காத்த நிலத்தை எஞ்சினால் உழுவதற்கு அது உரிமைச்சீட்டு ஆகாது. வாதம் அவர்களுக்கே எதிராகத் திரும்புகிறது.

மூன்றாவது வாதத்துக்குத்தான் பதில் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2005-ல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, லூசியானாவின் மீனவர்களும் வேட்டைக்காரர்களும் தங்கள் தட்டைப் படகுகளை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு போய், கூரைகளில் தவித்தவர்களை இறக்கினார்கள். அகேடியர் வழிவந்தவர்களைக் குறிக்கும் சொல்லால், கேஜன் கடற்படை என்று அந்தத் தன்னார்வக் கூட்டத்துக்குப் பெயரே வந்துவிட்டது. 2016-ல் பேட்டன் ரூஜ் வெள்ளத்திலும் 2017-ல் ஹூஸ்டனில் ஹார்வி புயலின்போதும் அவர்கள் மறுபடி வந்தார்கள். பெரிய எஞ்சின் இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா என்று கேட்கிறார்கள். நடந்திருக்கும். வெள்ளம் புகுந்த தெருவில் ஆளைக் காத்தது தட்டையான அடிப்பக்கமும், நீர் குறைந்த இடத்தில் படகை எப்படி நகர்த்துவது என்று தெரிந்த கைகளும்தான். தெருவில் நாற்பது குதிரைத்திறனைத் திறந்துவிட்டால் எழும் அலை பக்கத்து வீட்டுச் சுவரைத்தான் முட்டும்.

இங்கேதான் சென்னை வருகிறது. 2015-ல் மீனவர்களின் ஃபைபர் படகுகள் லாரிகளில் ஏறி நகருக்குள் வந்தன. 2018-ல் கேரள மீனவர்கள் அதையே செய்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் படகுகள் தெருவில் ஓடின. தெருவெள்ளத்தின் ஆழம் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு முனையில் கழுத்தளவு, மறுமுனையில் முழங்கால். நடுவே மூழ்கிக் கிடக்கும் மோட்டார் சைக்கிள், வேலிக் கம்பி, துணி, பிளாஸ்டிக். கடலுக்கென்று செய்த எஞ்சின் அங்கே பாசியில் மாட்டிய அவுட்போர்டின் கதியைத்தான் அடையும். பல இடங்களில் ஆட்கள் இறங்கிப் படகைக் கையால் இழுத்துப் போனார்கள். பழவேற்காட்டிலும் முத்துப்பேட்டையிலும் கழி ஊன்றிப் படகு தள்ளுகிறவர்களுக்கும், யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் மரக்கோல் பிடிக்கிறவர்களுக்கும் இந்த ஆழத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். மீட்புப் பயிற்சி கொடுக்கும் இடங்களில் அவர்களை ஆசிரியராக உட்கார வைக்கலாமே.

ஆகவே லூசியானாவின் 36 குதிரைத்திறன் வரம்பு பொதுச் சதுப்புகள் எல்லாவற்றுக்கும் பரவ வேண்டும். எஞ்சின் இல்லாத பகுதிகள் இன்னும் அகலமாக வேண்டும். அது அமெரிக்கர்களின் வேலை. தமிழகத்தின் மாவட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு மீட்புப் படகு வாங்கும்போது, எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன், எட்டுப் பேர் ஏறினால் படகு எத்தனை சென்டிமீட்டர் அமிழும் என்று விற்பவரிடம் கேளுங்கள். படகுக்கு இரண்டு கழியும் சேர்த்து வாங்குங்கள்.